யூத மதச் சட்டத்தில் அரசரை நியமிப்பது: கட்டளையா, அனுமதியா? நடைமுறை என்ன?

ஏட்டுக்கட்டு கேட்டது:

உபாகமம் 17:14–20 பகுதியையும் 1 சாமுவேல் 8ஆம் அதிகாரத்தையும் அடுத்தடுத்துப் படித்தால் ஒன்றோடொன்று இடிக்கிறது. முதலாவது, தேசத்துக்குள் போய்க் குடியேறிய பிறகு கடவுள் தெரிந்துகொள்பவனை அரசனாக வைக்கச் சொல்கிறது. இரண்டாவதில் மக்கள் அதையேதான் கேட்கிறார்கள், ஆனால் சாமுவேலுக்கு அது பொல்லாததாகப் படுகிறது.

எனக்குத் தெரிய வேண்டியவை இவை. யூதச் சட்டத்தின்படி (ஹலாகா) அரசரை வைப்பது கட்டாயமா, விருப்பமா? நியமிக்கும் அதிகாரம் யாருக்கு? யார் தகுதியற்றவர்? அபிஷேகம் எல்லா அரசருக்கும் உண்டா? கிறிஸ்தவ விளக்கவுரைகளில் இதற்கெல்லாம் விடை கிடைக்கவில்லை. தல்மூத் (ரபிகள் எனப்படும் யூதச் சட்ட ஆசிரியர்களின் விவாதத் தொகுப்பு), யூதச் சட்டத்தைத் தொகுத்த அறிஞர் ரம்பம் ஆகியவர்கள் வழியாக விளக்கக்கூடியவர்கள் சொல்லுங்கள்.

கீழைக்காற்று:

நீங்கள் கண்ட முரண் பழையது. தல்மூதின் சன்ஹெட்ரின் பகுதியில் 20ஆ பக்கத்திலேயே (20ஆம் ஏட்டின் இரண்டாம் பக்கம்; முதல் பக்கம் என்றால் 'அ') இதைப் பற்றி வாதம் நடக்கிறது. ரபி யெஹூதா சொல்வது: தேசத்துக்குள் நுழைந்ததும் இஸ்ரவேலருக்கு மூன்று கட்டளைகள் இருந்தன. அரசரை நியமிப்பது, பகை இனமான அமலேக்கின் வித்தை ஒழிப்பது, ஆலயம் கட்டுவது. ரபி நெஹோராய் இதை ஏற்கவில்லை. மக்கள் முறுமுறுப்பார்கள் என்று முன்கூட்டியே அறிந்து சொல்லப்பட்ட பகுதி அது, கட்டளை அல்ல என்கிறார். ரபி எலியேசர் கேட்ட விதத்தைப் பிரிக்கிறார். மூப்பர்கள் "எங்களை நியாயம் விசாரிக்க ஒரு அரசரைத் தாரும்" என்று முறையாகவே கேட்டார்கள். "மற்ற ஜாதிகளைப் போல நாங்களும்" என்று சேர்த்துக் கெடுத்தவர்கள் பாமரர்கள்.

12ஆம் நூற்றாண்டில் ரம்பம் (மைமோனிடெஸ்) ரபி யெஹூதாவின் பக்கம் தீர்ப்பு எழுதினார். அவருடைய சட்டத் தொகுப்பான 'மிஷ்னே தோரா'வில் அரசர் சட்டங்களின் முதல் வரியே இந்த மூன்று கட்டளைகள்தான். வரிசையும் கட்டாயம்: முதலில் அரசர், பிறகு அமலேக்குப் போர், கடைசியில் ஆலயம். தோராவின் (மோசேயின் ஐந்து நூல்களின்) 613 கட்டளைகளின் பட்டியலில் இது 173ஆவது 'செய்' கட்டளை. அப்படியானால் சாமுவேல் ஏன் நொந்தார்? கட்டளையை நிறைவேற்ற அவர்கள் கேட்கவில்லை, சாமுவேலை வெறுத்துக் குறைகூறிக் கேட்டார்கள் என்பது ரம்பமின் விடை.

இதோடு வாதம் முடிந்துவிடவில்லை. வேத உரையாசிரியர் இபின் எஸ்ரா இதை அனுமதி என்றே படித்தார். போர்த்துகல், காஸ்டில் அரசவைகளில் பணியாற்றிய அபர்பனேல் (1437–1508) இன்னும் கடுமை: போரில் பிடிபட்ட பெண்ணைப் பற்றிய சட்டம் எப்படி மனித பலவீனத்துக்கு இடம் கொடுத்து வரம்பு கட்டுகிறதோ, இதுவும் அப்படியே என்றார். வெனிஸ், புளோரன்ஸ், ஜெனோவா ஆகியவை அரசரின்றி நடப்பதைச் சான்றாகக் காட்டினார். 19ஆம் நூற்றாண்டில் வோலோஜின் யெஷிவாவின் (யூத சமயக் கல்லூரியின்) தலைவர் நெட்சிவ் நடுவழி ஒன்றைச் சொன்னார்: கட்டளைதான், ஆனால் மக்கள் விரும்பிக் கேட்ட பிறகே அது நடைமுறைக்கு வரும். ஏனென்றால் ஆட்சிமுறை எல்லா மக்களுக்கும் ஒன்றாக ஒத்துவராது. திணித்தால் உயிர்ச்சேதம் வரும். உபாகம வசனத்திலேயே மக்கள் முதலில் கேட்பதாகத்தானே வருகிறது? எனக்கு இந்த வாசிப்புதான் இரண்டு அதிகாரங்களையும் ஒன்றாக நிற்க வைக்கிறது.

இனி நடைமுறை. ஓர் அரசவம்சத்தைப் புதிதாகத் தொடங்க இரண்டு கைகள் வேண்டும்: 71 பேர் கொண்ட பெரிய நீதிமன்றம் (சன்ஹெட்ரின்), ஒரு தீர்க்கதரிசி. ரம்பம் காட்டும் முன்மாதிரிகள்: யோசுவாவை மோசேயும் அவருடைய மன்றமும், சவுலையும் தாவீதையும் சாமுவேலும் அவருடைய மன்றமும் நியமித்தது. வேதப் பகுதியில் எண்ணெய் ஊற்றும் சாமுவேல் மட்டுமே தெரிகிறார். சட்டம் அவருக்குப் பின்னால் மன்றத்தையும் நிறுத்துகிறது.

தகுதியின்மைகள்:

மதம் மாறி வந்தவரின் மரபினர் ஆகாது, எத்தனை தலைமுறை கடந்தாலும். தாய் இஸ்ரவேலைச் சேர்ந்தவர் என்றால் தடை நீங்கும் என்பது ரம்பமின் வரி. இது அரியணைக்கு மட்டுமல்ல. படைத்தலைவர் பதவி முதல், வயலுக்கு வாய்க்கால் நீர் பங்கிடும் மேற்பார்வை வரை நீள்கிறது.

கசாப்புக்காரர், நாவிதர், குளியலறைப் பணியாளர், தோல் பதனிடுபவர் ஆகியோரை அரசராகவோ பிரதான ஆசாரியராகவோ வைப்பதில்லை. அவர்களிடம் குறை இருப்பதால் அல்ல, மக்கள் அவர்களை இளக்காரமாகப் பார்ப்பார்கள் என்பதால் என்று ரம்பமே காரணத்தையும் எழுதுகிறார். அந்தத் தொழிலை ஒரே ஒரு நாள் செய்திருந்தாலும் போதும். இன்று படிக்கையில் இந்த விதி உறுத்துகிறது, உறுத்தவும் வேண்டும். பழியைத் தொழிலாளி மேல் போடாமல் பார்ப்பவர் கண்ணில் போட்டிருக்கிறார் என்பதையும் சேர்த்தே படியுங்கள்.

நறுமுகை:

அபிஷேகத்தைப் பற்றி நான் சொல்கிறேன். எல்லா அரசருக்கும் அபிஷேகம் இல்லை. எண்ணெயும் ஒரே எண்ணெய் இல்லை.

யாத்திராகமம் 30இல் வரும் பரிசுத்த அபிஷேகத் தைலத்தின் அளவு: வெள்ளைப்போளம் 500 சேக்கல், கருவாப்பட்டை 250, வசம்பு 250, இலவங்கப்பட்டை 500, ஒலிவ எண்ணெய் ஒரு ஹின், அதாவது 12 லோக் (இரண்டும் பழைய முகத்தலளவைகள்). பலர் இங்கே கூட்டலில் தவறுகிறார்கள். தல்மூதின் கெரித்தோத் 5அ கணக்கில் கருவாப்பட்டையும் 500தான். 250, 250 என இரண்டு தடவையாக நிறுக்க வேண்டும் என்பதற்காகவே வசனம் பாதியைச் சொல்கிறது. ஒவ்வொரு நிறுவையிலும் தராசுத் தட்டு சற்றுத் தாழ வேண்டும், ஆகவே இரண்டு முறை நிறுத்தால் அந்தச் சிறு மிகுதி இரண்டு முறை சேரும். மொத்தம் 1500 அல்ல, 1750.

அடுத்த சிக்கல்: இவ்வளவு பொடிக்கு 12 லோக் எண்ணெய் எப்படிப் போதும்? நேரடியாக எண்ணெயில் கொதிக்க வைத்தால் மருந்துச் சரக்கே அத்தனை எண்ணெயையும் குடித்துவிடும் என்று ஆட்சேபம் எழுந்தது. ரம்பம் தரும் முறையில் ஒவ்வொன்றையும் தனித்தனியாக இடித்துக் கலந்து, நல்ல நீரில் சாரம் முழுதும் இறங்கும் வரை ஊறவைக்க வேண்டும். அந்த நீரில் ஒரு ஹின் ஒலிவ எண்ணெயை விட்டு, நீர் வற்றி எண்ணெய் மட்டும் மிஞ்சும் வரை அடுப்பில் காய்ச்ச வேண்டும். நம் ஊரில் கஷாயம் வைத்துத் தைலம் இறக்குபவர்களுக்கு இந்த வேலை புரியும்.

பூசும் முறை: அரசருக்குத் தலையைச் சுற்றி, முடி சூட்டுவது போல வட்டமாக. பிரதான ஆசாரியருக்குத் தலையில் ஊற்றி, பிறகு இமைகளுக்கு நடுவே கிரேக்க எழுத்து 'கை' வடிவில், அதாவது குறுக்குக்கோடு போல. உடலில் வேறு எங்கும் பூசக் கூடாது, எண்ணெயை மிகையாகவும் விடக் கூடாது.

யாருக்கு? புதிதாகத் தொடங்கும் வம்சத்தின் முதல்வருக்கு. அரசரின் மகன் அரசராகும்போது அபிஷேகம் இல்லை, ஆட்சி சொத்தைப் போல வாரிசுரிமையாக வருகிறது. விதிவிலக்கு, உரிமையில் தகராறு வந்தால். தல்மூத் மூன்று பேரைச் சொல்கிறது: அண்ணன் அதோனியாவால் சாலொமோனுக்கு, பாட்டி அத்தாலியாளால் யோவாசுக்கு, அண்ணன் யோயாக்கீமால் யோவாகாசுக்கு. கடைசி வழக்கைக் கவனியுங்கள். 2 இராஜாக்கள் 23இன்படி யோவாகாசுக்கு வயது 23, மூன்று மாதம் கழித்து ஆட்சிக்கு வந்த யோயாக்கீமுக்கு 25. மூத்தவரைத் தாண்டி இளையவரை வைத்ததால்தான் எண்ணெய் தேவைப்பட்டது. மூத்தவருக்கே முன்னுரிமை என்பது பொதுவிதி, ஆனால் தகப்பனின் இடத்தை நிரப்பத் தகுதி இருந்தால் மட்டுமே.

தாவீதின் வம்சத்துக்குத்தான் இந்தத் தைலம். வடநாட்டு இஸ்ரவேல் அரசர்களுக்குப் பிசின் மரத்து நறுமண எண்ணெய் (அபர்சிமோன்). யெகூவுக்கு ஊற்றியது அதுதான் என்கிறது தல்மூத். யோவாகாசுக்கும் அதுவே, ஏனென்றால் அதற்குள் யோசியா பரிசுத்தத் தைலத்தை மறைத்து வைத்துவிட்டார்.

இடமும் உண்டு. தாவீதின் வம்சத்தாருக்கு நீரூற்றின் அருகே மட்டும் அபிஷேகம், ஆட்சி ஊற்றுப்போலத் தொடர வேண்டும் என்பதற்காக. 1 இராஜாக்கள் 1இல் சாலொமோனைத் தாவீதின் கோவேறு கழுதையில் ஏற்றிக் கீகோனுக்குக் கொண்டுபோகிறார்கள். அரசரின் வாகனத்தில் வேறு எவரும் ஏறக் கூடாது என்பது மிஷ்னா (தல்மூதுக்கு அடிப்படையான சட்ட நூல்) தரும் சட்டம், ஆகவே அந்தக் கழுதையில் ஏற்றியதே பாதி அறிவிப்பு. அதோனியாவும் அதே நாளில் என்ரோகேல் ஊற்றருகே விருந்து வைத்திருந்தார். படைத்தலைவர் யோவாப் இருந்தார், ஆசாரியர் அபியத்தார் இருந்தார், ஊற்றும் இருந்தது. நாத்தான் தீர்க்கதரிசியும் இல்லை, கூடாரத்திலிருந்து எடுத்த எண்ணெய்க் கொம்பும் இல்லை. முயற்சி அன்று சாயங்காலம் வரைகூட நிற்கவில்லை.

ஏட்டுக்கட்டு:

நன்றி நறுமுகை, 1750 கணக்கு எனக்கு முற்றிலும் புதிது. இரண்டு துணைக்கேள்விகள். அரசர் வரம்பு மீறினால் சட்டம் என்ன செய்யும்? இரண்டாம் ஆலயக் காலத்து அரசர்களான ஹஸ்மோனியர், ஏரோது, அகிரிப்பா ஆகியோருக்கு இந்தத் தகுதிகள் எப்படிப் பொருந்தின?

வடக்குவாசல்:

வரம்புகளை எண்களோடு சொல்கிறேன்.

மனைவியர் 18 பேர் வரை, மறுமனையாட்டிகளையும் சேர்த்து. எபிரோனில் தாவீதுக்கு ஆறு மனைவியர். நாத்தான் அவரிடம் "இது போதாதென்றால் இன்னும் இப்படியும் அப்படியும் தருவேன்" என்ற பொருளில் பேசியதை ஆறோடு இன்னும் ஆறு, இன்னும் ஆறு என்று தல்மூத் கணக்கிடுகிறது. 19ஆவது பெண்ணை மணந்து கூடினால் கசையடி. ஒருவரை விலக்கிவிட்டு வேறொருவரை மணக்கலாம்.

குதிரை: ரதப்படைக்குத் தேவையான அளவு மட்டும். பகட்டுக்காக முன்னால் ஓடவிடும் ஒரே ஒரு குதிரை அதிகம் வைத்தாலும் கசையடி. வெள்ளி, பொன்: படைக்கும் பணியாளருக்கும் கூலி கொடுக்கும் அளவு. ஆலயக் கருவூலத்துக்கோ பொதுத் தேவைக்கோ போருக்கோ சேர்த்தால் அது குற்றமில்லை, கடமை. சொந்தக் கருவூலத்தில் தேங்குவதுதான் தடை.

நான்காவது, எழுத வேண்டிய தோராச் சுருள். மற்ற யூதரைப் போல ஒன்று எழுதினால் போதாது. அரியணையில் அமர்ந்ததும் தனக்கென இன்னொன்று எழுதி, ஆலயப் பிராகாரத்தில் இருக்கும் சுருளோடு ஒப்பிட்டு, 71 பேர் மன்றத்தின் முன்னிலையில் திருத்த வேண்டும். முன்னோர் விட்டுச்சென்றது இல்லையென்றால் இரண்டு எழுத வேண்டும்: ஒன்று கருவூலத்தில், ஒன்று எப்போதும் கூடவே. போருக்குப் போனாலும் நியாயாசனத்தில் இருந்தாலும் உணவுக்கு அமர்ந்தாலும் அது அருகில் இருக்கும். கழிப்பிடத்துக்கும் குளியலறைக்கும் மட்டும் கொண்டுபோகக் கூடாது. தன் சொந்தப் பிரதியை அரசர் தானே திருத்திக்கொள்ள முடியாது என்பதுதான் இதில் முக்கியம். பிரதியை மன்றம் சரிபார்க்கிறது.

எங்கே உடைந்தது என்பதும் பதிவாகியிருக்கிறது. பெரும்பாலான கட்டளைகளுக்குக் காரணம் சொல்லாத தோரா, இங்கே இரண்டுக்குச் சொல்கிறது: குதிரை பெருகினால் ஜனங்கள் எகிப்துக்குத் திரும்புவார்கள், மனைவியர் பெருகினால் இருதயம் விலகும். சன்ஹெட்ரின் 21ஆவில் ரபி இட்சாக் சொல்கிறார்: காரணம் தெரிந்ததால்தான் சாலொமோன் "நான் பெருக்குவேன், ஆனாலும் விலகமாட்டேன்" என்று துணிந்தார். 700 மனைவியரும் 300 மறுமனையாட்டிகளும் எகிப்திய குதிரை வியாபாரமும் எப்படி முடிந்தன என்பதை 1 இராஜாக்கள் 10, 11 சொல்கின்றன.

கசையடி விதிப்பது யார் என்பதில்தான் சட்டம் நொண்டுகிறது. "அரசர் நியாயம் விசாரிப்பதில்லை, அவரை விசாரிப்பதும் இல்லை" என்பது மிஷ்னா. தல்மூத் இதைப் பிரிக்கிறது: தாவீதின் வம்சத்தார் விசாரிப்பார்கள், விசாரிக்கப்படுவார்கள், மற்ற அரசர்களுக்கு இரண்டும் இல்லை. காரணமாகச் சொல்லப்படுவது ஹஸ்மோனிய அரசர் யன்னாயின் வழக்கு. அந்த அரசரின் அடிமை வேறொரு மனிதரைக் கொன்றுவிட்டார். ஞானி ஷிமோன் பென் ஷெட்டாக் அரசரை மன்றத்துக்கு அழைத்தார், வந்து உட்கார்ந்தவரை எழுந்து நிற்கச் சொன்னார். "மற்றவர்களும் சொல்லட்டும்" என்றார் அரசர். வலப்பக்கம் பார்த்தால் நீதிபதிகள் தலைகுனிந்து தரையைப் பார்க்கிறார்கள், இடப்பக்கமும் அப்படியே. அதற்குப் பிறகு வந்த விதி இது. அரசருக்கு அளித்த சலுகையாக இதைப் படிப்பது தவறு. நீதிமன்றம் பயந்ததால் வந்த விதி.

பதவி போனால் என்ன என்பதற்கும் மிஷ்னாவின் ஹோராயோத் பகுதி மூன்றாம் அதிகாரத்தில் நுட்பமான அளவுகோல் இருக்கிறது. ஆளுபவர் அறியாமல் செய்த பாவத்துக்கு வெள்ளாட்டுக்கடா பலி, சாதாரண மனிதருக்குப் பெண்ணாடு. அரசராக இருக்கையில் பாவம் செய்து பிறகு பதவி இழந்தால் கடாவே. பதவி இழந்த பிறகு செய்தால் பெண்ணாடு. மகன் அப்சலோமுக்குப் பயந்து ஓடிய மாதங்களில் தாவீது சாதாரண மனிதரின் பலியையே செலுத்தும் நிலையில் இருந்தார் என்கிறது எருசலேம் தல்மூத். எண்ணெய் ஊற்றப்பட்டவர் என்பது மட்டும் அவரைத் தாங்கவில்லை.

கீழைக்காற்று:

ஹஸ்மோனியர்: அவர்கள் ஆசாரிய குலம், லேவியின் வம்சம். ரம்பான் (நக்மானிடெஸ்) ஆதியாகமம் 49:10 உரையில் அவர்களைக் கடுமையாகச் சாடுகிறார். செங்கோல் யூதாவைவிட்டு நீங்காது என்ற வாக்கு இருக்க, ஆசாரியர் அரியணை ஏறியதால்தான் அந்த வம்சம் முழுதும் அழிந்தது என்பது அவர் முடிவு. அவர்களுடைய பக்தியை அவர் குறைத்துச் சொல்லவில்லை, அவர்கள் இல்லாவிட்டால் தோராவே மறந்துபோயிருக்கும் என்றும் சொல்கிறார். ரம்பமோ ஹனுக்கா பண்டிகைச் சட்டங்களில், ஆசாரியரிலிருந்து ஓர் அரசரை வைத்தார்கள், 200 ஆண்டுகளுக்கு மேல் ஆட்சி இஸ்ரவேலுக்குத் திரும்பியது என்று நன்மையாகவே எழுதுகிறார். எருசலேமில் தாவீதின் வம்சத்தாரைத் தவிர வேறு எவரையும் நியமிப்பதில்லை என்று எழுதியவரும் அவரே. இந்த இரண்டு வரிகளையும் ஒருவர் எழுதியிருக்கிறார் என்பதை நினைவில் வையுங்கள். பிற கோத்திரத்து அரசர் சட்டவிரோதி அல்ல, ஆனால் அவர் ஆட்சிக்கு நிலைபேறு இல்லை. சீலோவைச் சேர்ந்த அகியா நியமித்த யெரொபெயாமுக்கும் அதே நிலைதான்.

ஏரோது: இதுமேயர் குலம், அதாவது யூத மதத்துக்கு மாறி வந்தவர்கள். தல்மூதின் பாபா பத்ரா 3ஆவில் வரும் செய்தி: "உன் சகோதரருக்குள் இருந்து" என்ற வசனத்தை விளக்குபவர்கள் யார் என்று கேட்டார், ரபிகள் என்று தெரிந்ததும் அவர்களைக் கொன்றார். தன் ஆட்சிக்கு எதிரான சட்டம் எந்த வசனத்தில் இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அகிரிப்பா, ஏரோதின் வம்சத்தவர்: ஏழாம் ஆண்டு முடிந்து வரும் கூடாரப் பண்டிகையில் அரசர் உபாகமத்தை மக்கள் முன் வாசிக்க வேண்டும் (மிஷ்னா சோத்தா 7:8). பிராகாரத்தில் மரமேடை. சுருள் ஜெபஆலயப் பணியாளரிடமிருந்து அதன் தலைவருக்கும், அவரிடமிருந்து துணை ஆசாரியருக்கும், பிரதான ஆசாரியருக்கும், கடைசியாக அரசருக்கும் கைமாறும். நின்று வாங்கி உட்கார்ந்து வாசிக்கலாம். அகிரிப்பா நின்றபடியே வாசித்தார், ஞானிகள் புகழ்ந்தார்கள். "அந்நியனை உன்மேல் வைக்கலாகாது" என்ற இடத்தில் அவர் கண்ணீர் விட்டார். "பயப்படாதீர், நீர் எங்கள் சகோதரர்" என்றார்கள். தல்மூத் அந்த ஆறுதலை மன்னிக்கவில்லை. முகஸ்துதி செய்த அந்த நேரத்தில் இஸ்ரவேலின்மேல் அழிவுத்தீர்ப்பு விழுந்தது என்கிறது. அவரிடம் பக்தி இருந்தது, பணிவு இருந்தது. அவை குலத் தகுதிக்கு ஈடாகாது என்பதே சட்டத்தின் நிலை.

நெய்தல்:

ஒரு சிறு சேர்க்கை. பெண் அரியணை ஏறக் கூடாது என்பது சிஃப்ரே என்ற பழைய உரையிலிருந்து ரம்பம் எடுத்த விதி, எல்லாப் பொதுப்பதவிகளுக்கும் அதை அவர் விரித்தார். நடந்த வரலாறு வேறு. யன்னாயின் மனைவி ஷ்லோம்சியோன் கி.மு. 76 முதல் 67 வரை ஆண்டார், ரபிகளின் நினைவில் அது செழிப்பின் காலம். தல்மூதின் தானித் 23அவில் அந்தத் தலைமுறையின் கோதுமை சிறுநீரகம் அளவு பருத்தது என்று வருகிறது. விதியை எழுதும்போது இந்த முன்னுதாரணத்தை யாரும் கணக்கில் எடுக்கவில்லை என்பது எனக்கு இன்றுவரை வருத்தம்.

ஏட்டுக்கட்டு:

கடைசியாக ஒன்று. இன்று யாரையாவது இப்படி நியமிக்க முடியுமா?

வடக்குவாசல்:

முடியாது. தீர்க்கதரிசி இல்லை. 71 பேர் மன்றம் இல்லை; அது அமைய மோசே முதல் கைமாறி வந்த நியமனச் சங்கிலி வேண்டும், அது அறுந்துவிட்டது. 1538இல் சஃபெத் நகரில் யாக்கோபு பேரப் அதைப் புதுப்பிக்க முயன்றார். எருசலேமின் லேவி இபின் ஹபீப் எதிர்த்தார், முயற்சி நிலைக்கவில்லை. தாவீதின் வம்சத்தை நிரூபிக்கும் ஆவணமும் எண்ணெயும் அதற்கடுத்த சிக்கல்கள்.

ஆனால் அரசருக்குரிய அதிகாரம் எங்கே போகும் என்ற கேள்விக்கு விடை உண்டு. ரட்பாஸ் என்ற 16ஆம் நூற்றாண்டு உரையாசிரியர், அரசருக்குக் கீழ்ப்படியும் கடமை தீர்க்கதரிசி வைத்தவருக்கோ இஸ்ரவேலர் எல்லாரும் ஒப்புக்கொண்டவருக்கோ மட்டும் பொருந்தும், பலத்தால் ஏறியவருக்கு இல்லை என்று எழுதினார். மக்கள் ஒப்புதல் அங்கே தீர்க்கதரிசியின் இடத்தில் நிற்கிறது. இதன் தொடர்ச்சியாகவே ரபி கூக் (மறைவு 1935), அரசர் இல்லாத காலத்தில் பொதுநிர்வாகம் சார்ந்த அரச அதிகாரங்கள் மக்களிடமே திரும்புகின்றன, மக்கள் ஒப்புக்கொண்ட தலைவர் அவற்றைச் செலுத்தலாம் என்று தீர்ப்பு எழுதினார். இஸ்ரேல் அரசின் வரி, படை, சட்டங்களுக்கு ஹலாகாவில் இடம் தேடும் பலர் இந்தத் தீர்ப்பிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

18 மனைவியர், ரதக் குதிரை, இரண்டாவது சுருள் போன்றவை அப்படிக் கைமாறுவதில்லை. அவை அரசர் என்ற ஆளைக் கட்டுபவை. கீழைக்காற்று சொன்ன ஏழாம் ஆண்டு வாசிப்புக்கு இஸ்ரேலில் மேற்கு மதில் அருகே நினைவு நிகழ்ச்சி நடப்பதுண்டு, குடியரசுத் தலைவரும் வாசித்திருக்கிறார். அது கட்டளையை நிறைவேற்றுவதாகாது, நினைவுகூரல் மட்டுமே.